ஜெனா பூட்டிய கவர்

ஜெனா, நீ போய் முப்பத்தோராம் நாள், உன்னுடைய வீட்டுக்கிருத்தியம் அன்று நான் வடைத் தட்டோடு நிற்கும்போது ஒருவர் சொன்னது என் காதில் விழுந்தது. உன் படத்துக்கு நேர் முன்னால் கதிரை போட்டு இருந்துகொண்டு சொன்னார்.

"தங்கமான பெடியன். வேலையிலதான் கொஞ்சம் கவலையீனம். அந்தக் கவர் பறந்த கதை தெரியுந்தானே?"

பக்கத்தில் இருந்தவர் தெரியும் என்று தலையாட்டினார். பிறகு ஆளுக்கு இரண்டு வடை எடுத்தார்கள். சட்னி கேட்டார்கள். நான் சட்னி கொண்டுவந்து கொடுத்தேன். வாயைத் திறக்கவில்லை. வாயைத் திறக்காமல் நிற்பது எனக்குப் பழகிய வேலை. அது உன்னைவிட வேறு யாருக்குத் தெரியும்? இன்றைக்கு எழுதுகிறேன், தம்பி. பிந்தித்தான் எழுதுகிறேன்.

வாசிக்கிறவர்களுக்கு நான் யார் என்று சொல்லவேண்டும். நான் ஜெனாவின் அக்கா. சிட்னியில், செவன் ஹில்ஸில், யூட் வண்டிகளுக்குக் கவர் தைத்துப் பூட்டிக் கொடுக்கும் ஒரு பட்டறையில் பத்து வருடம் வேலை செய்தேன். வலது மணிக்கட்டில் இரண்டு ஒப்பரேசன் முடிந்தபிறகு, இனித் தையல் மெஷினில் இருக்கக்கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். ஏழு மாதமாக வீட்டில் இருக்கிறேன். எங்கள் ஆட்களுக்காக வருடாவருடம் இந்த மலரைச் செய்கிற அன்ரி ஒருவர் போன் எடுத்து, "ஓய்வு பெற்ற ஆக்கள் தங்கட வேலை அனுபவத்தை எழுதினம், நீரும் எழுதும் பிள்ளை" என்றார். எனக்கு வயது முப்பத்திரண்டு. போன வருட மலரில் எழுதினவர்கள் வங்கி மனேஜர், பள்ளிக்கூட அதிபர். அவர்களுடைய கட்டுரைகளில் எல்லாரும் நேர்மையாக உழைத்து, கடைசி நாளில் மணிக்கூடு பரிசு வாங்கிக்கொண்டு கண்கலங்கி வீட்டுக்குப் போகிறார்கள். ஒருவர்கூட ஒரு பிழையும் விட்டதில்லை. என்னுடையது அப்படி வராது என்று அன்ரியிடம் முதலே சொல்லிவிட்டேன்.

பட்டறையில் இப்போது இருக்கிற பெடியங்களும் கேட்கிறார்கள். இந்த நாளில் எல்லாருக்கும் பொத்தானை அமத்தினால் தானாகச் சுருளுகிற அலுமினியக் கவர் வேண்டும். கையால் சுருட்டுகிற துணிக் கவரோடு யாராவது வந்தால் பெடியங்களுக்கு எங்கே தொடுவது என்றே தெரியவில்லை. படம் எடுத்து அனுப்பி, "அக்கா, இதை என்ன செய்யிறது?" என்று கேட்கிறார்கள். பொத்தான் அமத்துவதற்குப் பத்து வருடப் பழக்கம் தேவையில்லைதான். மோட்டர் எரிகிற அன்றைக்கு என்னைக் கூப்பிடாமல் இருந்தால் சரி.

யூட் என்றால் முன்பக்கம் கார், பின்பக்கம் திறந்த பெட்டி. அந்தப் பெட்டிக்கு மேலே இழுத்து மூடுகிற கறுப்பு வைனில் துணியைத்தான் கவர் என்கிறோம். பாயைச் சுருட்டுகிறமாதிரி முன்பக்கமாகச் சுருட்டி வாரால் கட்டலாம். இரண்டு கரையிலும் வெல்க்ரோ பட்டி. பின்பக்க ஓரத்தில் ஒரு அலுமினியச் சட்டம், அதன் இரண்டு நுனியிலும் ஒவ்வொரு லொக். இவ்வளவுதான் சாமான். இதைக்கூட ஒழுங்காக வைத்திருக்கத் தெரியாதவர்கள் எத்தனை பேர் என்று பத்து வருடம் பார்த்தேன்.

நாங்கள் வேலை பழகின கதையில் பெரிதாக ஒன்றும் இல்லை. அகதி முகாமில் என்னுடைய படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றது, ஜெனாவுடையது ஐந்தோடு. இங்கே வந்து டூங்கபியில் ஒரு அறையில் இருந்தோம். எனக்குத் தையல் வந்தது, அவனுக்கு ஸ்பானர் வந்தது. நான் விரலில் மூன்று தரம் ஊசி ஏற்றிக்கொண்டேன். அவன் ஒரு தரம் காலில் சட்டத்தைப் போட்டுக்கொண்டான். ஆறு மாதத்தில் நான் தையல் மேசையில், அவன் வண்டிகளுக்குப் பூட்டுகிற பக்கத்தில். விசா வருடத்துக்கு வருடம் புதுப்பிக்கிற விசா. வேலை போனால் விசாவுக்கு என்ன நடக்கும் என்று எங்களுக்கு வடிவாகத் தெரியாது. தெரியாதபடியால் பயம் இன்னும் கூட.

முதலாளியை மோகன் அண்ணை என்று எழுதுகிறேன். அது அவருடைய சொந்தப் பெயர் இல்லை. பழுதான கவரோடு ஒருவர் வந்தால் மோகன் அண்ணை கதை கேட்கமாட்டார். வந்தவர் கதைத்துக்கொண்டிருப்பார். அண்ணை கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து கவரில் மூக்கை வைப்பார். மணந்து பார்த்துவிட்டு மோதிர விரலால் ஒரு இழுவை இழுப்பார். மற்ற விரல்கள் வேலை செய்து காய்த்துப்போயின, இதுக்குத்தான் இன்னும் உணர்ச்சி இருக்கிறது என்பார். அந்த விரலை வந்தவருடைய முகத்துக்கு நேரே நீட்டி ஒரேயொரு கேள்வி கேட்பார்.

"என்ன பூசினனீங்கள்?"

எல்லாரும் "ஒண்டும் பூசேல்லை" என்றுதான் சொல்வார்கள். அண்ணை மறுத்துப் பேசமாட்டார். விரலை நீட்டினபடியே நிற்பார். அந்த விரலைப் பார்த்துக்கொண்டு ஒரு நிமிடத்துக்கு மேல் பொய்யோடு நின்றவர் யாரும் இல்லை.

ஒருநாள் டூங்கபி அங்கிள் ஒருவர் வந்தார். கவர் பிசுபிசு என்று, நாய்மயிரும் புழுதியும் அப்பிக்கொண்டு கிடந்தது. ஒன்றும் பூசவில்லை என்று சத்தியம் பண்ணினார். முன் சீற்றில் இருந்த அவருடைய மனுசி கண்ணாடியை இறக்கினா.

"ஏனப்பா பொய் சொல்லுறியள்? ஞாயிறுக்கு ஞாயிறு தேங்காயெண்ணெய் வச்சுத் தேய்ச்சனீங்கள்தானே?"

"அது கறுப்பா மினுங்கட்டும் எண்டு..."

"அண்ணை, இது தலைமயிர் இல்லை" என்றார் மோகன் அண்ணை.

வண்டிக்குக் கீழே படுத்திருந்த ஜெனா தலையை வெளியே நீட்டினான். "இனி அரப்புப் போட்டு முழுக வாத்தாத்தான் சரி, அங்கிள்."

தேங்காயெண்ணெய் எங்கள் ஆட்களின் வியாதி. வெள்ளைக்காரர்களின் வியாதி ரயருக்கு அடிக்கிற மினுக்கு ஸ்பிரே. அடித்த அன்று கவர் புதுச் சப்பாத்து மாதிரி இருக்கும். அடுத்த கோடையில் வெடிக்கும். யூடியூப்பில் எவனோ ஒருவன் சொன்னானாம், குளியலறை கழுவுகிற மருந்தை ஊற்றி உரஞ்சச் சொல்லி. அவனுடைய கவரை அவன் எனக்குக் கொண்டுவந்து காட்டட்டும்.

பராமரிப்பு எப்படி என்று பெடியங்கள் கேட்டதால் எழுதுகிறேன். ஒரு வாளித் தண்ணீரில் குழந்தைப்பிள்ளைக்குப் போடுகிற சோப்பு நாலு துளி. மெல்லிய பிரஷ். நிழலில் நிற்பாட்டிக் கழுவி, சோப்புப் போகும்வரை தண்ணீர் விட்டு, விரித்தபடி காயவிட வேண்டும். தண்ணீரைப் பீச்சியடிக்கிற மெஷினைத் தையலுக்குக் கிட்டக் கொண்டுபோகக் கூடாது, நூல் பிய்ந்துவிடும். வைனிலுக்கென்று விற்கிற, எண்ணெய் இல்லாத பூச்சு மட்டும் மெல்லிசாகப் பூசலாம். ஈரத்தோடு சுருட்டிக் கட்டினால் உள்ளுக்குப் பூஞ்சணம் பிடிக்கும். ஈரக் கவரைச் சுருட்டி மூன்று கிழமை விட்டுவிட்டு, மணக்கிறது, உங்கள் துணி கூடாது என்று சண்டைக்கு வந்தவர்களை எனக்குப் பெயர் பெயராகத் தெரியும். மாதக்கணக்கில் சுருட்டியே வைத்திருந்தால் துணி சுருங்கும். பிறகு யூலை மாதக் குளிரில் இழுத்தால் பின்பக்கம் எட்டாது. எட்டவில்லை என்று இரண்டு பேர் சேர்ந்து இழுத்துக் கிழிப்பார்கள். வெயிலில் அரை மணித்தியாலம் விரித்துவிட்டால் தானாக எட்டும். அந்த அரை மணித்தியாலம் அவர்களிடம் இல்லை. ஆனால் பட்டறைக்கு வந்து கத்துவதற்கு அரைநாள் இருக்கிறது.

எல்லாவற்றையும்விட முக்கியம் வெல்க்ரோ. மாதத்துக்கு ஒருமுறை பழைய சீப்பால் சீவவேண்டும். தும்பு, மயிர், புல் எது போனாலும் அது பிடிக்காது. கவர் வண்டியோடு ஒட்டி நிற்பது அந்தப் பட்டியாலும் இரண்டு லொக்காலும்தான். அது பிடிக்காவிட்டால் காற்று உள்ளுக்குப் போகும். நூறில் ஓடும்போது உள்ளுக்குப் போன காற்று சும்மா இருக்காது.

ஜெனா பூட்டுகிற விதத்தை இனி எழுதுகிறேன். இதை ஆறுதலாக வாசியுங்கள். நீங்கள் யாரும் பார்க்காத வேலை இது.

முதலில் இரண்டு கரையிலும் ரெயிலை வைத்து, கீழாலே கிளாம்புகளைக் கையால் முறுக்குவான். கைக்கு மேலே முறுகாமல் நின்றதும் ஸ்பானரால் கால் சுற்று, அதற்கு மேல் இல்லை. பிறகு கவரை விரித்து, முன்பக்கத்திலிருந்து பின்பக்கமாக வெல்க்ரோவை உள்ளங்கை அடியால் அமத்திக்கொண்டு வருவான். விரலால் அமத்தமாட்டான், விரல் இடையில் இடம் விடும் என்பான். கடைசியில் சட்டத்தை இறக்கி இடப்பக்க லொக்கை அமத்தி "டக்" கேட்பான். வலப்பக்கத்தை அமத்தி இன்னொரு "டக்" கேட்பான். இரண்டு சத்தமும் கேட்டபிறகு இரண்டு பெருவிரலையும் சட்டத்துக்குக் கீழே கொடுத்து, வண்டியின் பின்பக்கம் ஆடும்வரை தூக்கிப் பார்ப்பான்.

அதோடும் விடமாட்டான். வண்டிக்காரரைக் கூப்பிட்டு அவரைக் கொண்டே மூன்று தரம் திறந்து பூட்ட வைப்பான். "முதல் தரம் தலையாட்டுவினம், ரெண்டாம் தரம் பிழை விடுவினம், மூண்டாம் தரம்தான் காது குடுத்துக் கேப்பினம், அக்கா" என்பான். ஆட்களுக்கு இது பிடிக்காது. டை கட்டினவர்கள் மணிக்கூட்டைப் பார்ப்பார்கள். ஜெனா விடமாட்டான். மூன்று தரம் பூட்டாமல் ஒருவரும் கேற்றைத் தாண்டிப் போனதில்லை.

நார்த்மீட்டில் இருந்து வந்த அங்கிள் ஒருவரும் மூன்று தரம் பூட்டினார். நான் மேசையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவருக்குக் கப்பல் மாதிரி ஒரு புது யூட். ஒரு வீட்டையே ஏற்றலாம். அவர் ஏற்றப்போவது மாதத்துக்கு ஒரு அரிசி மூட்டை. "இந்த யூட்டில ஏறப்போற பாரமான சாமான் அங்கிள்தான்" என்று ஜெனா என் காதுக்குள் சொன்னான். மனுசன் எங்கள் ஆட்கள் நடுவில் பெரிய ஆள். கலியாணத்துக்கும் கூட்டத்துக்கும் முன்வரிசை. எங்கள் பட்டறைக்கு நிறையக் குடும்பங்களை அனுப்பினவர். மூன்றாம் தரம் பூட்டி முடிந்ததும், சனிக்கிழமை வண்டிக்குப் பூசை என்றார்.

"அங்கிள், பூசை செய்யிறதெண்டா முன்னுக்குச் செய்யுங்கோ" என்றான் ஜெனா. "பின்னுக்கு மாலை கீலை கட்டாதேங்கோ. நூல் வெல்க்ரோவுக்க போனா பிடிக்காது. லொக்குக்க போனா அதைவிட மோசம்."

"தம்பி, நான் இருவது வருசமா வாகனம் வச்சிருக்கிறன்."

"கவர் வச்சிருக்கேல்லைத்தானே, அங்கிள்."

அங்கிள் சிரிக்கவில்லை.

இரண்டு கிழமை கழித்து M7 பாதையில் நூறில் போகும்போது அந்தக் கவர் கழன்றது. கரை திறந்து, காற்று உள்ளுக்குப் போய், துணி கிழிந்து, சட்டம் பறந்து பின்னால் வந்த காரின் முன்னால் விழுந்தது. அந்தக் கார் ஓரத்து மண்ணுக்குள் இறங்கி நின்றது. அதற்குள் ஒரு தாயும் இரண்டு பிள்ளைகளும். கடவுளே என்று ஒருவருக்கும் கீறல்கூட இல்லை. ஆனால் அந்த இடத்தில் மூன்று பேர் செத்திருக்கலாம். இதை நான் குறைத்துச் சொல்லவில்லை.

அடுத்த நாள் காலையில் அங்கிள் கிழிந்த கவரையும் சட்டத்தையும் யூட்டில் போட்டுக்கொண்டு வந்தார். இறங்க முதலே கத்தினார்.

"எங்க அந்தப் பெடியன்? லொக் பூட்டத் தெரியாதவனையெல்லாம் வேலைக்கு வச்சிருக்கிறியளோ? ஒரு குடும்பமே போயிருக்கும்!"

மோகன் அண்ணை கையைப் பின்னால் கட்டினார். குனிந்தார். மணந்தார். எனக்கே சந்தன மணம் வந்தது. மோதிர விரலால் ஒரு இழுவை இழுத்தார். விரலில் சிவப்பு. குங்குமம். விரலைப் பார்த்தார். ஜெனாவைப் பார்த்தார். அங்கிளைப் பார்த்தார்.

பத்து வருடத்தில் அன்றைக்கு ஒருநாள்தான் அவர் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. விரலைக் காற்சட்டையில் துடைத்தார்.

"பிழை எங்கடதுதான், அண்ணை. பெடியன்ர கவலையீனம். நான் புதுக் கவர் போட்டுத் தாறன்."

ஜெனா ஸ்பானரோடு நின்றான். "அண்ணை, அவர் மூண்டு தரம்..." என்று தொடங்கினான். மோகன் அண்ணை கையைக் காட்டி நிற்பாட்டினார்.

பிறகு சட்டத்தையும் கவரையும் என்னுடைய மேசையில் கொண்டுவந்து போட்டார். "பிள்ளை, இன்சூரன்ஸ்காரன் பின்னேரம் படம் எடுக்க வாறான். அதுக்குமுதல் உதைச் சீவித் துப்பரவாக்கி வையும்" என்றார். குரல் மெதுவாக இருந்தது. அவர் மெதுவாகக் கதைத்தால் மறுக்க முடியாது.

நான் சீப்பை எடுத்தேன். வெல்க்ரோவில் காய்ந்த பூவும் நூலும் கட்டியாக வந்தது. நடுவில் எண்ணெயோடு சேர்ந்த குங்குமம். மாலை நூலைக் கரைக்குக் கீழாலே விட்டு, சட்டத்தில் ஒரு சுற்றுச் சுற்றிக் கட்டியிருக்கிறார்கள். பிறகு மாலையை அறுத்து எடுத்திருக்கிறார்கள், முடிச்சை விட்டுவிட்டார்கள். அந்த முடிச்சு இடப்பக்க லொக்குக்குள் இருந்தது. லொக்கின் பல் அதைக் கடித்துக்கொண்டு அரைவாசியில் நின்றது. அந்த இரண்டு கிழமையும் அந்தப் பக்கம் "டக்" கேட்டே இருக்காது. கேட்கவில்லையே என்று யோசிக்க அங்கிளுக்கு நேரம் இருந்திருக்காது. இவ்வளவும் எனக்கு ஐந்து நிமிடத்தில் விளங்கிவிட்டது. மோகன் அண்ணைக்கு விரலைப் பார்த்த உடனேயே விளங்கியிருக்கும்.

சிமிட்டாவால் முடிச்சைக் கவ்வி இழுத்து எடுக்கும்போது ஜெனா வந்தான்.

"அக்கா, அதை எறியாத."

"அண்ணை எறியச் சொன்னவர்."

"எனக்கு வேணும். ஒரு பையில போட்டுத் தா. இன்சூரன்ஸ்காரனுக்குக் காட்டுவம்."

"காட்டி? நாளைக்கு ரெண்டு பேரும் வீட்டில இருப்பம். விசா முடிய ரெண்டு மாதம் கிடக்கு. மறந்துபோனியோ?"

"நான் சரியாத்தான் பூட்டினனான், அக்கா."

"எனக்குத் தெரியும். வாயை மூடு."

முடிச்சைக் குப்பைவாளிக்குள் போட்டேன். அதற்கு மேலே வெட்டுத்துண்டு வைனிலைப் போட்டேன். ஜெனா வாளியைப் பார்த்துக்கொண்டு நின்றான். அதற்குள் கை விடவில்லை. விட்டிருந்தால் நான் அவனுடைய கையைப் பிடித்து இழுத்திருப்பேன். அதுவும் அவனுக்குத் தெரியும்.

பின்னேரம் இன்சூரன்ஸ்காரன் வந்து, புதுசு மாதிரி இருந்த வெல்க்ரோவையும் லொக்கையும் படம் எடுத்துக்கொண்டு போனான். அதற்குப் பிறகு ஜெனா அங்கிளுக்கு முன்னால் நின்று "சொறி, அங்கிள்" என்றான். "சொறி சொன்னாக் காணாது தம்பி, வேலையைப் படிக்கோணும்" என்றார் அங்கிள். மோகன் அண்ணை ஓம் ஓம் என்று தலையாட்டினார். அடுத்த திங்கட்கிழமை ஒரு வெள்ளைக்காரன் ரயர் ஸ்பிரே அடித்த கவரோடு வந்தபோது, அதே அண்ணை அதே விரலை நீட்டிக்கொண்டு உண்மை வரும்வரை நின்றார். நான் தையலைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். அந்த விரலை முறித்தால் என்ன என்று இருந்தது. முறித்தாலும் என்னுடைய கை துப்பரவாகாது.

அதன்பிறகு எங்கள் ஆட்கள் போன் எடுத்து, "அந்தப் பெடியன் பூட்ட வேண்டாம், வேற ஆரும் பூட்டட்டும்" என்பார்கள். சிலர் ஜெனா பக்கத்தில் நிற்கும்போதே சொன்னார்கள். தங்களுடைய வண்டியின் லொக் எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரியாதவர்கள் அவனுக்குச் சான்றிதழ் எழுதினார்கள். மோகன் அண்ணை அவனைக் கழுவுகிற பக்கத்துக்கு மாற்றினார். நாலு வருடம் மற்றவர்கள் பூட்டப்போகிற கவர்களைக் கழுவினான். வேறு இடம் தேடு என்றால், "உன்னைத் தனிய விட்டிட்டோ?" என்பான். என்னை ஒருநாளும் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

போன வருடம் எங்கள் விசா நிரந்தரமாகியது. அன்றைக்கே நான் வாயைத் திறந்திருக்கலாம். இனி ஏன் பழையதைக் கிளறுவான் என்று இருந்துவிட்டேன். இதற்கு எனக்கு ஒரு சாட்டும் இல்லை.

நான் வேலையை விட்டு ஒரு மாதத்தில் ஜெனாவுக்கு வயிற்றில் கட்டி என்று சொன்னார்கள். ஐந்து மாதம். ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு யன்னல், கீழே கார் நிற்பாட்டுகிற இடம். பகல் முழுக்க யூட் பார்ப்பான்.

"அந்த வெள்ளையைப் பார், அக்கா. நடுவில தண்ணி நிக்குது. இழுவை காணாது. பூட்டினவன் ஆரோ, பொறுக்கி."

"போய்ச் சொல்லிட்டு வரட்டோ?"

"நீயோ? நீ சொல்லிக் கிழிச்சனி." சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கொஞ்ச நேரத்தால் அவனுக்கும் நின்றுவிட்டது.

"நான் நார்த்மீட் அங்கிளிட்டப் போய்ச் சொல்லுறன், ஜெனா" என்றேன்.

"அவருக்கு மட்டும் சொல்லி என்ன? என்னைப் பூட்ட வேண்டாம் எண்டு சொன்ன ஆக்கள் எல்லாருக்கும் சொல்லு." பிறகு யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். "உனக்கு ஏலுமெண்டா."

அவனுக்கு இருபத்தொன்பது வயது. அந்தக் கிழமையே போய்விட்டான்.

வீட்டுக்கிருத்தியம் முடிந்து மூன்றாம் நாள் முதலில் பட்டறைக்குப் போனேன். மோகன் அண்ணை பொத்தான் கவர் ஒன்றைத் திறந்து பூட்டிக்கொண்டு நின்றார். நாலு பேர் முன்னால் உண்மையைச் சொல்லுங்கள் என்று கேட்டேன்.

"பெடியனே போயிட்டான். இனி அவனுக்குப் பேர் என்னத்துக்குப் பிள்ளை? சும்மா கிளறாதையும்."

பத்து வருடம் இந்த மனுசனைக் கண்டு பயந்தேன் என்று நினைக்க வெட்கமாக இருந்தது. வாசல்வரை வந்து, மணிக்கட்டு எப்படி என்று கேட்டார். நான் கேற்றைச் சாத்திவிட்டு வந்தேன்.

பிறகு நார்த்மீட் போனேன். அங்கிள் வீட்டு வாசலில் நின்று, பூ, நூல், முடிச்சு, லொக், குப்பைவாளி எல்லாவற்றையும் சொன்னேன். கத்துவார் என்று நினைத்துத்தான் போனேன். மனுசன் வாசல் படியில் இருந்துவிட்டார்.

"நான்தான் கட்டச் சொன்னனான்" என்றார். "ஐயர் முன்னுக்குப் போடுவம் எண்டவர். பின்னுக்கும் கட்டினால்தான் படத்தில வடிவு எண்டு நான்தான்..." தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். "ஏன் பிள்ளை ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லை?"

"நீங்கள் கோவிப்பியள் எண்டு."

"கோவிச்சிருப்பன். ரெண்டு நாள் கத்தியிருப்பன். ஆனா இந்தக் கதையை நாலு வருசமா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிஞ்சிருக்க மாட்டன்."

இவரை நாலு வருடமாக மனதுக்குள் வைத்துத் திட்டிக்கொண்டிருந்தேன். மாலை கட்டினது அவருடைய பிழை. அது தெரியாமல் செய்தது. தெரிந்துகொண்டு செய்தவர்கள் நாங்கள் இரண்டு பேர், முதலாளியும் நானும். அதில் ஒரு ஆள் அவனுடைய அக்கா.

இதை மலரில் எழுதப்போகிறேன் என்றேன். உங்களுடைய பெயர் போடமாட்டேன் என்றேன்.

"போடு, பிள்ளை. என்ர பேரையும் போட்டே எழுது" என்றார்.

நான் போடவில்லை. இந்தக் கட்டுரையில் ஒரு உண்மைப் பெயர் போதும். ஜெனார்த்தனன். ஜெனா. அந்தக் கவரை அவன் சரியாகத்தான் பூட்டினான். முடிச்சை எடுத்து எறிந்தவள் நான், என் கையால் எழுதுகிறேன்.

கோயிலுக்குப் போகிறவர்கள் கோயிலில், சேர்ச்சுக்குப் போகிறவர்கள் சேர்ச்சில், ஒன்றுக்கும் போகாதவர்கள் இருக்கிற இடத்தில் இருந்தபடி, என் தம்பிக்காக எல்லாரும் ஒருமுறை கும்பிடுங்கள். பெயரைச் சொல்லிக் கும்பிடுங்கள். அவன் பூட்ட வேண்டாம் என்று போன் எடுத்தவர்கள் இரண்டு முறை கும்பிடுங்கள்.